ட்ரோன் படம் எடுக்க ஆள் அமர்த்தும் முன்: பொள்ளாச்சி வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

பொள்ளாச்சிக்குத் தெற்கே மலையடிவாரத்தை ஒட்டி ஒன்பது ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் மறைந்த பிறகு தோப்பையும், அதற்குள் நான்கு அறைகளுடன் நடக்கும் தங்கும் விடுதியையும் அவரே கவனித்துக்கொள்கிறார். விடுதிக்கு விளம்பரம் செய்வதற்கும், கிழக்குப் பக்கத்து மூன்று ஏக்கரை விற்பதற்கும் ட்ரோன் படம் இருந்தால் நல்லது என்று மருமகன் சொன்னதால், உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் வீடியோ எடுத்த இளைஞர் ஒருவரை 22,000 ரூபாய்க்குப் பேசி 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார். ஒப்பந்தம் என்று எழுத்தில் எதுவும் இல்லை. தொலைபேசிப் பேச்சும் சில வாட்ஸ்அப் செய்திகளும்தான் இருக்கின்றன.

படம் எடுத்த மூன்றாம் நாள், சினிமாப் பாட்டு ஒன்றைச் சேர்த்த ஒரு நிமிட வீடியோ, அந்த இளைஞரின் சொந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வந்துவிட்டது. அதில் நான்கு நொடிகள், கிழக்குத் தோட்டத்து வீட்டின் பின்புறம் தெரிகிறது. கீற்றுத் தட்டி நான்கு பக்கமும் மறைத்த, மேற்கூரை இல்லாத குளியலறை ஒன்று அங்கே இருக்கிறது. அதன் பக்கத்தில் அந்த வீட்டு மருமகள் நின்று தலை உலர்த்திக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டார் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டார்கள், காவல் நிலையத்தில் வாசகியை வருகிற திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில், எடிட் செய்யாத முழுப் பதிவையும் கேட்டதற்கு, அதற்குத் தனியாக 8,000 ரூபாய் வேண்டும் என்கிறாராம் வீடியோக்காரர்.

என் நிலத்தின் மேல் பறக்கவிட்டதற்கு யாரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்கு எந்தச் சட்டமும் இல்லை என்று அவர் சொல்வது உண்மையா, படத்தின் உரிமை யாருக்கு, கிழக்குப் பொழியை (எல்லை வரப்பை) பக்கத்துக்காரர் மூன்று ஆண்டுகளுக்கு முன் நகர்த்தியதை இந்தப் படத்தை வைத்து நிரூபிக்க முடியுமா, அடுத்த முறை யாரை எப்படி அமர்த்துவது என்பவை அவருடைய கேள்விகள்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லாமல், அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமைக்கு முன்

கடிதத்தில் ஓரிடத்தில் "என் தோப்புக்கு மேலேதான் பறந்தது, அடுத்தவர் இடத்துக்குள் போகவே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ட்ரோன் எங்கே நின்றது என்பது ஒரு கேள்வி. கேமரா எதைப் பார்த்தது என்பது வேறு கேள்வி. அறுபது மீட்டர் உயரத்தில் நிற்கும் கேமராவைச் சற்றே சாய்த்தால் உங்கள் எல்லையைத் தாண்டி நான்கு தோட்டங்கள் தெரியும். கூரையில்லாத அந்தக் குளியலறையைக் கட்டியவர்கள் அக்கம்பக்கத்தில் நடப்பவர்களின் கண்ணுக்குத்தான் தட்டி வைத்தார்கள். மேலிருந்து யாரும் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்க வழியில்லை. அவர்களுடைய கோபத்தை வீண் சண்டையாக நினைக்காதீர்கள்.

சட்டப்படி பார்த்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, ஒரு பெண் தன்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பும் சூழ்நிலையில் அந்தரங்கமாக இருப்பதைப் பார்ப்பதையும், படம் பிடிப்பதையும், அதைப் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாத, மூன்றாண்டு வரையிலான சிறைத்தண்டனை உண்டு. நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் அந்தப் பெண் முழு உடையுடன் வெளியே நின்றிருக்கிறார். ஆகவே அந்தப் பிரிவு இங்கே பொருந்துவது கடினம் என்பது என் கருத்து. ஆனால் அவர் ஐந்து நிமிடம் முன்பு எங்கே இருந்தார் என்பதையும், எடிட் செய்யாத பதிவில் அது இருக்கிறதா என்பதையும் நீங்களோ நானோ பார்க்கவில்லை. அதனால்தான் இதை அலட்சியமாக விடக் கூடாது என்கிறேன்.

இன்றைக்கே வீடியோக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: அந்த வீடியோவை உடனே நீக்க வேண்டும், வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது, மூலப் பதிவை அழிக்கவும் கூடாது. கடைசியில் சொன்னது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். புகார் ஏற்கெனவே நிலுவையில் இருக்கும்போது பதிவை அழித்தால், அது தடயத்தை மறைத்த செயலாக உங்கள் மீதும் அவர் மீதும் திரும்பும். அந்த நான்கு நொடியை நீங்களும் யாருக்கும், "இதில் என்ன தப்பு இருக்கிறது பாருங்கள்" என்று காட்டுவதற்காகக்கூட, அனுப்ப வேண்டாம். வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள், உங்களுக்குப் பாதகமானதாகத் தோன்றும் செய்தியையும்கூட.

அப்படி ஒரு செய்தி இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "கிழக்குப் பக்கம் அவங்க வீடு வரைக்கும் நல்லா வர்ற மாதிரி எடுங்க தம்பி." பொழி நகர்ந்ததைக் காட்டவே அப்படிச் சொன்னீர்கள் என்பது எனக்குப் புரிகிறது, அதில் குற்ற நோக்கம் எதுவும் இல்லை. ட்ரோனை இயக்கியவர்தான் முதற்பொறுப்பாளி என்பதும் சரி. ஆனால் "எனக்கு எதுவும் தெரியாது, எல்லாம் அவர் செய்தது" என்று திங்கட்கிழமை சொன்னால் அந்த ஒரு செய்தி உங்கள் மற்ற வார்த்தைகளையும் நம்ப முடியாததாக்கிவிடும். எதற்காகச் சொன்னீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி எழுதி, நீக்கச் சொன்ன செய்தியின் நகலோடு கொடுங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையே, குடும்பத்துப் பெரியவர் ஒருவருடன், அந்த வீட்டுக்கு நேரில் போய்ப் பேசுங்கள். பொழித் தகராறு தனி. இது தனி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

250 கிராம் என்ற பேச்சு

ட்ரோன் விதிகள் 2021, அந்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று வெளியானவை. எடையை வைத்து அவை ட்ரோன்களைப் பிரிக்கின்றன: 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, அதற்கு மேல் இன்னும் இரண்டு வகைகள். நானோ ட்ரோனை இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. மூன்றாம் தரப்புக் காப்பீடும் கட்டாயமில்லை. உங்கள் வீடியோக்காரர் சொல்வதில் இவ்வளவுதான் உண்மை. எங்கே பறக்கலாம், எவ்வளவு உயரம் பறக்கலாம், மற்றவர்களின் உயிருக்கும் தனியுரிமைக்கும் ஊறு வரக் கூடாது என்பதெல்லாம் எடையைப் பார்த்து மாறுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சந்தையில் 249 கிராம் என்று விற்கப்படும் சிறிய ட்ரோன்களில் சிலவற்றுக்கு, அதிக நேரம் பறப்பதற்காகப் பெரிய பேட்டரி தனியாகக் கிடைக்கிறது. அதைப் போட்டவுடன் எடை 250 கிராமைத் தாண்டி, ட்ரோன் மைக்ரோ வகைக்குள் வந்துவிடுகிறது. மைக்ரோ ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் விலக்கு உண்டு, ஆனால் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். 22,000 ரூபாய் கூலிக்குப் படம் எடுப்பது வணிகம். ஒரே பேட்டரியில் அரை மணி நேரத்துக்கு மேல் பறந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதால், அவர் எந்த பேட்டரியைப் பயன்படுத்தினார் என்று நிச்சயம் கேளுங்கள். விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

அனுமதி பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ அனுமதி வாங்க வேண்டும் என்று ட்ரோன் விதிகளில் எங்கும் இல்லை. மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும். அதில் பச்சை என்று குறிக்கப்பட்ட இடத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. செயல்பாட்டில் உள்ள விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்கும் 12 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில் இந்த வரம்பு 200 அடியாகக் குறையும். மஞ்சள் பகுதி என்றால் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியும், சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் தொலைவில் இருப்பது உங்களுக்கு வசதிதான். தாம்பரம், தஞ்சாவூர், அரக்கோணம், கல்பாக்கம் பக்கம் இருந்து இதைப் படிக்கும் வாசகர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனைப் பெட்டியிலிருந்துகூட எடுக்க வேண்டாம்.

பச்சைப் பகுதியும் எப்போதும் பச்சையாகவே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அவசரத் தேவை ஏற்பட்டால், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் ஓர் இடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்க முடியும். முக்கியப் பிரமுகர் வருகையின்போது இப்படி நடக்கும். ஆகையால் வரைபடத்தைப் படம் எடுக்கும் நாள் காலையிலும் பார்க்க வேண்டும். உள்ளூர் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வைப்பது, சட்டம் கேட்காவிட்டாலும், உங்களுக்குக் காவல்.

உங்கள் ஊருக்கே உரிய விஷயம் ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. மேற்குப் பக்கம் மலை தெரிகிற மாதிரி எடுத்ததாகச் சொல்கிறீர்கள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் ட்ரோன் நுழைந்திருந்தால் அது வனத்துறையின் விவகாரம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் புகைப்படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும். அனுமதியின்றி அங்கே ட்ரோன் விடுவதை வனத்துறை கடுமையாகவே எடுத்துக்கொள்கிறது. மலையைப் பின்னணியாகக் காட்டுவதற்கு ட்ரோன் தோப்பின் மேலேயே நின்றால் போதும், மலையை நோக்கிப் பறக்க வேண்டியதில்லை. பறந்த பாதையின் பதிவு ட்ரோன் செயலியில் இருக்கும். அதை அவரிடமிருந்து வாங்கிப் பாருங்கள்.

படம் யாருடையது

படம் எடுத்தவருக்குத்தான் உரிமை, நாம் காசு கொடுத்து அதைப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வீடியோக்காரரும் அப்படியே நினைப்பதால் 8,000 ரூபாய் கேட்கிறார். பதிப்புரிமைச் சட்டம், 1957, உங்களுக்குச் சாதகமாக வேறு மாதிரி சொல்கிறது. அதன் 17ஆம் பிரிவின் (ஆ) உட்பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணத்துக்காக எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் திரைப்பதிவுக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டுக்கொண்டவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். எழுத்தில் எதுவும் இல்லாதது பல விஷயங்களில் உங்களுக்குக் கெடுதலாக இருந்தாலும் இதில் மட்டும் நன்மையாக அமைந்துவிட்டது. அவருடைய பக்கத்தில் உங்கள் தோப்பின் வீடியோவைப் போட உங்கள் அனுமதி தேவைப்பட்டது. அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு படைத்தவருக்குத் தரும் தனி உரிமையின்படி, எடுத்தவர் தாமே என்று பெயர் போடச் சொல்வதற்கு அவருக்கு இடமிருக்கிறது, அதை மறுக்காதீர்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பதிப்புரிமை உங்களுடையது என்பதாலேயே, எடிட் செய்யாத அத்தனை கோப்புகளையும் அவர் இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆகிவிடாது. என்ன ஒப்படைக்க வேண்டும் என்பது உங்களுக்குள் பேசிக்கொண்டதைப் பொறுத்தது. அதைப் பற்றி நீங்கள் பேசவேயில்லை. அவர் கோப்புகளை வைத்துக்கொண்டு வேறெங்கும் பயன்படுத்த முடியாது, நீங்களும் கோப்பு கையில் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்ற நிலைதான் இப்போது. மீதி 7,000 ரூபாய் உங்கள் கையில் இருக்கிறது. முழுப் பதிவும் ஹார்டு டிஸ்க்கில் வந்ததும் அந்த 7,000 ரூபாயைத் தருகிறேன், அதற்கு மேல் இல்லை என்று எழுதுங்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணமே இல்லை. வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். நான்கு அறைகளை வைத்துச் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துபவர் என்ற விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது வாதத்துக்குரியது, உறுதியானது என்று சொல்லமாட்டேன்.

அந்தச் சினிமாப் பாட்டையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். விடுதி விளம்பரத்துக்கு அதைப் பயன்படுத்த அவரிடமும் உரிமை இல்லை, உங்களிடமும் இல்லை.

பொழியும் ட்ரோனும்

உங்கள் கேள்விகளில் நான் மிகவும் நின்று யோசித்தது இதுதான். மேலிருந்து எடுத்த படத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிவதால், அதுவே சாட்சி என்று நம்பி வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ட்ரோன் படத்தை ஆறடி பிளெக்ஸில் அச்சடித்து, அதில் சிவப்புக் கோடும் போட்டுக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். அந்தக் கோட்டை யார் போட்டது என்று கேட்டேன். வீடியோ எடுத்த பையன்தான், கூகுள் வரைபடத்தைப் பார்த்துப் போட்டான் என்றார். அந்தக் கோட்டுக்கு நீதிமன்றத்தில் எந்த மதிப்பும் இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

உங்கள் எல்லையைத் தீர்மானிப்பவை பத்திரம், பட்டா, நில அளவைத் துறையின் புல வரைபடம், அதில் காட்டிய இடத்தில் நட்ட அத்துக்கல் ஆகியவை. சாதாரண ட்ரோன் தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கணிப்பதில் சில மீட்டர் பிழை இருப்பது இயல்பு. உங்கள் கிழக்கு எல்லை ஏறக்குறைய 150 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நீளத்தில் ஒரே ஒரு மீட்டர் பிழை என்றாலும் 150 சதுர மீட்டர், அதாவது மூன்றே முக்கால் சென்ட் அளவுக்கு, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும். நீங்கள் சண்டையிடுவதே நான்கு சென்ட்டுக்காக.

அதைவிட எளிமையான தடை ஒன்று உங்கள் தோப்பிலேயே இருக்கிறது. முப்பது வயது தென்னைகளின் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும்போது, மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தெரிவது ஓலையும் அதன் நிழலும்தான். பொழியும் கல்லும் அதற்குக் கீழே மறைந்துகிடக்கும். வெட்டவெளியில் இருக்கும் மனைக்கு நன்றாக வரும் ட்ரோன் அளவை தோப்புக்கு அப்படி வராது.

ஆகையால் முதலில் எஃப் லைன் அளவைக்கு, அதாவது அரசு சர்வேயர் புல எல்லையை அளந்து காட்டுவதற்கு, விண்ணப்பம் கொடுங்கள். பக்கத்துக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, சர்வேயர் வந்து அளந்து கல் காட்டுவார். பக்கத்துக்காரர் அதை ஏற்க மறுத்து, வழக்குத்தான் வழி என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை 9ஆம் விதியின்படி, சர்வேயரின் உதவியோடு இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்க வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். பொழியை நகர்த்தி மூன்று ஆண்டுதான் ஆகிறது என்பதால், பன்னிரண்டு ஆண்டு அந்த நிலம் தன் அனுபவத்தில் இருந்ததைக் காட்டி அவர் உரிமை கோரும் நிலை இன்னும் வரவில்லை. ஆனால் அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம்.

அப்படியென்றால் ட்ரோன் படத்தால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. இந்தத் தேதியில் இடம் இப்படி இருந்தது, வேலி இங்கே இருந்தது, புதிய கட்டடம் இல்லை என்று காட்ட அது நல்ல ஆவணம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் காட்ட, தாக்கல் செய்பவர் ஒரு பகுதியும் வல்லுநர் ஒரு பகுதியும் நிரப்பிய சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும், கணினி தரும் எண்ணெழுத்துக் குறியீடு) குறிப்பிட வேண்டும். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோத்கர் வழக்கில் உறுதிசெய்திருந்தது. புதிய சட்டம் அதை இன்னும் விரிவாக்கியிருக்கிறது. பாட்டுச் சேர்த்து, நிறம் கூட்டி, வெட்டி ஒட்டிய வீடியோவை வைத்து இதைச் செய்ய முடியாது. கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பு வேண்டும். முழுப் பதிவையும் விடாமல் வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று ஏக்கரைப் பிரித்து மனையாகப் போட்டு, ட்ரோன் வீடியோவில் கோடு வரைந்து காட்டலாம் என்று உங்கள் மருமகன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த யோசனையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மனைப்பிரிவாக்கினால், மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு செய்த பிறகும், விளம்பரத்தில் காட்டியதை நம்பி முன்பணம் கொடுத்தவர், காட்டியது பொய்யென்று தெரிந்தால், மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இழப்பீடும் பணத்தைத் திரும்பவும் கேட்க முடியும். வீடியோவில் வரைந்த பூங்காவும் தார்ச் சாலையும் வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்ளப்படும். எல்லைத் தகராறு உள்ள இடத்தை, தகராறைச் சொல்லாமல் விற்கவும் கூடாது. தோப்பாகவே, ஒரே கிரயமாக விற்பதானால் இந்தச் சிக்கல்கள் வெகுவாகக் குறையும்.

அடுத்தவரை அமர்த்தும்போது

விடுதி விளம்பரத்துக்கு ஒருவர், அளவைக்கு வேறொருவர் என்று இரண்டு வேலைகளையும் முதலில் பிரித்துவிடுங்கள். நல்ல வெளிச்சம், நிதானமான நகர்வு, தோப்பு நடுவே விடுதி எப்படி அமைந்திருக்கிறது என்று காட்டும் கண் ஆகியவை முதலாமவரிடம் இருக்க வேண்டும். இரண்டாமவரோ தரையில் அளந்து குறித்த புள்ளிகளை வைத்து, ஒரு படத்தோடு அடுத்த படம் 70 முதல் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி எடுத்து, அதை வரைபடமாகக் கோக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கல்யாண வீடியோ அழகாக எடுப்பவர் என்பதற்காக இரண்டாவது வேலையைக் கொடுப்பது, பல் மருத்துவரிடம் கண் காட்டுவதற்குச் சமம்.

விலை பேசுவதற்கு முன்பே ட்ரோனின் பதிவு எண்ணைக் கேளுங்கள். யு.ஐ.என். என்று சொல்லப்படும் அந்த எண் இல்லாமல் ட்ரோன் பறக்கக் கூடாது என்பதே விதிகளின் பொது நிலை. முழுமையாகத் தயாரான வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி 2022 பிப்ரவரி 9 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதன் பிறகு துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாரோ கொண்டுவந்தது என்றால், அதற்கு ஒழுங்கான பதிவும் காப்பீடும் இருக்க வாய்ப்பில்லை. பைலட் சான்றிதழின் நகலைக் கேளுங்கள்; டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) அங்கீகரித்த பயிற்சி நிறுவனம் வழங்கியதா, வரப்போகிறவரின் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் வைத்திருப்பவர் அலுவலகத்தில் இருக்க, அவருடைய உதவியாளர் வந்து பறக்கவிடுவது உண்டு.

மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கேட்கும்போது பாலிசியின் முதல் பக்கத்தையே வாங்கிப் பாருங்கள். விருந்தினரின் கார் கண்ணாடி மேலோ, இளநீர் இறக்குபவரின் தலை மேலோ ட்ரோன் விழுந்தால் யார் கொடுப்பது என்பது அங்கேதான் இருக்கிறது. நானோ ட்ரோன் என்பதால் காப்பீடு இல்லை என்றால், சேதத்துக்கு அவரே பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.

எழுதும் தாள் ஒரு பக்கம் போதும். தேதி, இடம், எத்தனை படங்கள், எத்தனை நிமிட வீடியோ, எத்தனை முறை திருத்தித் தருவார், மழையோ காற்றோ வந்தால் எந்த நாளுக்கு மாற்றுவது, மொத்தத் தொகை, வரி அதற்குள் அடங்குமா, எடிட் செய்யாத கோப்புகள் எந்த நாளுக்குள் வரும், பதிப்புரிமை உங்களுக்கே, உங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் அவர் தம் பக்கத்தில் போடக் கூடாது, அடுத்தவர் வீடோ ஆளோ தெரியும் பகுதியை மறைத்தே கொடுக்க வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். முன்பணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். இத்தனையும் கேட்டால் நல்ல ஆள் ஓடிவிடுவாரோ என்ற தயக்கம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. என் அனுபவத்தில் முறையாகத் தொழில் செய்பவர்கள் இதையெல்லாம் தாமே எடுத்து வைக்கிறார்கள்.

படம் எடுக்கும் நாளைக் குறித்ததும், முதல் நாள் மாலையே கிழக்குத் தோட்டத்து வீட்டுக்கும் மேற்கே இட்டேரிக்கு (தோட்டங்களுக்கு இடையே போகும் வண்டிப்பாதைக்கு) அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் ஆள் அனுப்பி, நாளைக் காலை ஏழு முதல் எட்டு மணி வரை ட்ரோன் பறக்கும் என்று சொல்லிவிடுங்கள். கேமரா கிழக்கே திரும்பாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; பிறகு வீடியோக்காரர் பக்கத்தில் நின்று, அவர் கையில் இருக்கும் திரையை நீங்களே பார்த்துக்கொண்டிருங்கள்.